வேர்ல்ட் பேங்க் எண்டு சொல்லுறது எந்த பேங்கை? திருமலையில (திருகோணமலையில) கருத்துக் கேக்கப் போற புது ஆக்களுக்கு

கிண்ணியாவில பாலத்தால இறங்கி உள்ள போற ரோட்டில ஒரு ஹாட்வெயார் கடை. முதலாளி நானா நல்ல மனுசன், கதிரை போட்டு ப்ளேன்டீயும் தந்து இருத்திட்டார். உலக வங்கியைப் பற்றி என்ன நினைக்கிறீங்க, ஒண்டில இருந்து பத்துக்குள்ள எவ்வளவு குடுப்பீங்க எண்டு கேட்டதும் யோசிக்கவே இல்ல, "பத்தைப் போடுங்க தம்பி, இந்தப் பாலத்தைத் தந்தவங்கதானே, முந்தி பாதைப் படகுக்குக் காத்து நிண்டு நாங்க பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்" எண்டார். நானும் பத்தைப் போட்டுட்டு வந்துட்டன். ராவுக்கு வீட்டில இருந்து படிவத்தைப் பாக்கேக்கதான் நெஞ்சில குத்திச்சு. கிண்ணியாப் பாலம் 2009ல சவூதிக் காசில கட்டினது. 396 மீட்டர், திறக்கேக்க நாட்டிலயே நீளமான பாலம். உலக வங்கிக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்ல. அப்ப அந்தப் பத்து ஆருக்குப் போன மார்க்ஸ்?

இந்த வேலைக்குப் புதுசா வாற பிள்ளைகளுக்கு நான் முதல் சொல்லுறது இந்தக் கதையைத்தான். கோணேசபுரி கெம்பஸ் முடிச்சுட்டு, இல்லாட்டி ஏஎல் எடுத்துட்டு நிக்கிற நேரத்தில ஒரு கொம்பனி ரெண்டு மூண்டு கிழமைக்கு எடுப்பாங்க, ஒரு நாள் ட்ரெயினிங், கையில ஒரு டெப் (டெப்லெட்), அடுத்த நாள் ஃபீல்டு. டெப்பை எப்பிடி அமத்துறது எண்டு சொல்லித் தருவாங்க. முன்னால இருக்கிற மனுசன் எந்த பேங்கைப் பற்றிக் கதைக்கிறார் எண்டு எப்பிடிப் பிடிக்கிறது எண்டதை ஆரும் சொல்லித் தரமாட்டாங்க. அதுக்காகத்தான் இதை எழுதுறன்.

இது என்ன சேர்வே?

கடன் குடுக்கிற பெரிய நிறுவனங்கள் தங்களைப் பற்றி ஆக்கள் என்ன நினைக்கிறாங்க எண்டு தாங்களே கேட்டுப் பாக்கிறதுண்டு. உலக வங்கி, தான் கடன் குடுக்கிற ஒவ்வொரு நாட்டிலயும் ஏறத்தாழ மூண்டு வருசத்துக்கு ஒருக்கா இதைச் செய்யுது, முடிவையும் பகிரங்கமா வெளியிடுது. ஆசிய அபிவிருத்தி வங்கியும் இப்பிடி நடத்தியிருக்கு. வீடு வீடாப் போய்க் கேக்கிற கணக்கெடுப்பு இல்ல இது. அரசாங்க உத்தியோகத்தர், மாகாண சபைக் காரியாலயங்கள், உள்ளூராட்சி, வேற உதவி நிறுவனங்கள், வியாபாரிகள், சிவில் சமூகம், பத்திரிகைக்காரர், கெம்பஸ் ஆக்கள் எண்டு அந்த வங்கியோட ஏதோ ஒரு விதத்தில தொடர்பு வரக்கூடிய தரப்புகளைத் தெரிஞ்செடுத்துக் கேக்கிறது. கேள்விகளும் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் வரும். நாட்டுக்கு முக்கியமான அபிவிருத்திப் பிரச்சினை எது, இந்த வங்கியை உங்களுக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு நம்புறீங்க, அது செய்யிற வேலை இந்த நாட்டுக்குப் பொருத்தமா, அதிட பெரிய குறை என்ன, தகவலை எந்த வழியால எடுக்கிறீங்க. மார்க்ஸ் ஒண்டில இருந்து பத்து.

முதல் நீங்க படிக்க வேண்டியது

படிவத்தைத் திறக்க முந்தி எந்த பேங்க் எது எண்டு உங்களுக்கு வடிவா விளங்க வேணும். உலக வங்கி 1944ல தொடங்கினது, இலங்கை 1950ல சேர்ந்தது, எங்கட நாட்டுக்குக் குடுத்த முதல் கடன் 1954ல அபடீன் லக்ஷபான நீர்மின் திட்டத்துக்கு. அதுக்குள்ளயே பிரிவுகள் இருக்கு, ஐபிஆர்டி சாதாரண கடன், 1960ல வந்த ஐடிஏ சலுகைக் கடனும் நன்கொடையும், ஐஎஃப்சி தனியார் கொம்பனிகளுக்கு. இலங்கை நடுத்தர வருமான நாடு எண்டு ஐடிஏ சலுகையை விட்டு வெளிய போயிருந்தது, பொருளாதாரம் விழுந்த பிறகு 2022 டிசம்பரில திருப்பியும் அந்தச் சலுகைக்குத் தகுதி கிடைச்சது. "இது கடனா இனாமா தம்பி?" எண்டு கட்டாயம் ஆராவது கேப்பாங்க, அதுக்காகத்தான் இதெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கச் சொல்லுறன். ஆசிய அபிவிருத்தி வங்கி வேற, 1966ல தொடங்கினது, தலைமையகம் மணிலா, இலங்கை அதிட ஸ்தாபக உறுப்பு நாடு. ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) இதுக்குள்ள சேராது, அது ரோட்டுப் போடவோ பள்ளிக்கூடம் கட்டவோ வாறதில்ல, டொலர் கையிருப்பும் அரசாங்கத்திட வரவு செலவும் குழம்புற நேரம் வாற இடம். 2022 ஏப்ரலில நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுறதை நிப்பாட்டி, 2023 மார்ச் 20 ஏறத்தாழ 300 கோடி டொலருக்கு 48 மாத ஒப்பந்தம் வந்தது ஐஎம்எஃப்போட. கரண்ட் பில் ஏறினதும் டெக்ஸ் கூடினதும் சனத்திட வாயில "வேர்ல்ட் பேங்க் சொல்லித்தான்" எண்டு வரும். அஸ்வெசும எண்ட அரசாங்க நிவாரணக் காசு கிடைக்காத ஆக்களுக்கும் அதே கோவம். அதில உலக வங்கிக்குப் பங்கு இருக்குத்தான், சமூகப் பாதுகாப்பு வலைக்கு அது காசு குடுத்திருக்கு, ஆனா எந்தக் கோவம் எங்க போய்ச் சேர வேணும் எண்டதைப் பிரிச்சுப் பாக்கிறது உங்கட வேலை.

பிறகு எங்கட மாவட்டத்துக்கு வாங்க. இங்க சனத்துக்கு பேங்கிட பேர் ஞாபகம் நிக்காது, ப்ரொஜெக்டிட பேர்தான் நிக்கும். "நெல்சிப் ரோட்டு" எண்டா எல்லாருக்கும் விளங்கும், 2010ல தொடங்கின அந்த வடக்கு கிழக்கு உள்ளூராட்சித் திட்டம் உலக வங்கியிட எண்டது பிரதேச சபைக்கு வெளியில கன பேருக்குத் தெரியாது, அதில அவுஸ்திரேலியக் காசும் கலந்திருந்தது எண்டது இன்னும் குறைஞ்ச ஆக்களுக்குத்தான் தெரியும். யுத்தத்தில உடைஞ்ச வீடுகளுக்குக் கட்டம் கட்டமாக் காசு குடுத்த வட கிழக்கு வீடமைப்புத் திட்டம் உலக வங்கி. நெக்கோட் எண்டு சொல்லுற வடக்கு கிழக்குச் சமூகப் புனரமைப்புத் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியிட. சுனாமிக்குப் பிறகு வந்த வீடுகளில ஒவ்வொரு கொத்துக்கும் ஒவ்வொரு நிறுவனத்திட பேர்ப் பலகை. ஒரு சீஆர் கொப்பி எடுங்க, 11 டீஎஸ் (பிரதேச செயலாளர்) பிரிவுக்கும் பக்கம் பக்கமாப் பிரிச்சு, எந்த வேலை, ஆருட காசு, கடனா நன்கொடையா, எந்த வருசம் எண்டு எழுதுங்க. ரோட்டோரத்தில நிக்கிற திட்டப் பலகையைப் பாத்து எழுதுங்க, கச்சேரி (மாவட்டச் செயலகம்) ப்ளானிங் பிராஞ்சில கேட்டும் எழுதலாம். இந்தக் கொப்பி இல்லாம ஃபீல்டுக்குப் போற ஆளை நான் இப்ப கூட்டிப் போறதில்ல.

சொல்லு பிழைச்சா பதிலும் பிழை

படிவம் இங்கிலீஷில எழுதி, கொழும்பில தமிழாக்கி வரும். அந்தத் தமிழை அப்பிடியே வாசிச்சா என்ன நடக்கும் எண்டு நாலு சொல்லை வச்சுக் காட்டுறன், இதில மட்டும் கொஞ்சம் பொறுமையா நில்லுங்க.

முதல் சொல் "சேர்வே". திருமலையில சேர்வே எண்டா காணி அளக்கிறது. குச்சவெளிப் பக்கமோ மூதூர்ப் பக்கமோ ஒரு வீட்டு வாசலில நிண்டு "சேர்வே எடுக்க வந்திருக்கிறம்" எண்டு சொல்லிப் பாருங்க, உள்ள இருந்து ஆள் உறுதிப் பத்திரத்தோட வருவார், இல்லாட்டி கேட்டைச் சாத்துவார். காணிப் பிரச்சினை ஊறிப் போன மாவட்டம் இது. "கருத்துக் கேக்க வந்திருக்கிறம்" எண்டு சொல்லுங்க, சேர்வே எண்ட சொல் வாயால வரவே கூடாது.

ரெண்டாவது, "பொறுப்புக்கூறல்". கேள்வியில, கடனில செய்யிற வேலைக்குக் கணக்குக் காட்டுறதைத்தான் கேக்கிறாங்க. ஆனா எங்கட ஆக்களிட காதில பொறுப்புக்கூறல் எண்டு விழுந்தா மனம் நேரா ஜெனீவாவில நடக்கிற ஐநா மனித உரிமைக் கூட்டத்துக்குப் போகும், காணாமப் போன பிள்ளைக்குப் போகும். ஒரு அம்மா இந்தக் கேள்வியில அழுதுட்டா. படிவத்தை மூடி வச்சுட்டு அரை மணித்தியாலம் அவவோட இருந்துட்டு வந்தன். இப்ப நாங்க "செலவழிச்ச காசுக்கு ஒழுங்காக் கணக்குக் காட்டுறாங்களா" எண்டு கேக்கிறம்.

மூண்டாவது "நல்லாட்சி". 2015ல வந்த அரசாங்கத்தைத்தான் சனம் அப்பிடிக் கூப்பிட்டது. நல்லாட்சிக்கு இந்த வங்கி எவ்வளவு உதவுது எண்டு கேட்டா மைத்திரி ரணில் காலத்துக்கு மார்க்ஸ் போட்டுத் தருவாங்க. "அரச நிர்வாகத்தைச் சீராக்கிறது" எண்டு மாத்துங்க.

நாலாவதுதான் நுணுக்கமானது, வினைத்திறனும் விளைதிறனும். வினைத்திறன் எண்டா காசையும் நேரத்தையும் வீணாக்காம வேலை செய்யிறது, விளைதிறன் எண்டா செஞ்ச வேலை பலன் தந்துதா எண்டது. எழுத்தில பாத்தா நடுவில இருக்கிற ஒரு பாகம்தான் வித்தியாசம், வாயால கெதியா வாசிச்சா ரெண்டும் ஒண்டுதான். ஒரு கந்தோரில நான் ரெண்டு கேள்வியையும் அடுத்தடுத்து வாசிக்க, "இதைத்தானே இப்பக் கேட்டீங்க மிஸ்டர்" எண்டு அவர் திரும்பவும் அதே ஏழைச் சொன்னார். அந்த ரெண்டு இடத்திலயும் "காசை வீணாக்காம செய்யிறாங்களா", "செஞ்சதால பலன் வந்துதா" எண்டு பச்சையாக் கேளுங்க.

"பங்குதாரர்" எண்ட சொல்லையும் விடுங்க, ஷெயார் போட்ட ஆக்கள் எண்டு விளங்கிக் கொள்ளுவாங்க, சம்பந்தப்பட்ட தரப்பு எண்டாப் போதும். ஆனா ஒண்டைக் கவனமா வச்சுக் கொள்ளுங்க, இந்த மாத்தத்தை நீங்க தனிய ஃபீல்டில நிண்டு செய்ய ஏலாது. ஒராள் ஒரு சொல்லைப் போட, இன்னொராள் இன்னொரு சொல்லைப் போட்டா ரெண்டு பேரும் ரெண்டு வேற கேள்வி கேட்ட மாதிரி. ட்ரெயினிங் அண்டைக்கே எழும்பிச் சொல்லுங்க, சுப்பவைசர் எழுத்தில மாத்தித் தர எல்லாரும் அதையே வாசிக்க வேணும். சிங்களப் படிவமும் அதோட சேந்து மாற வேணும், கந்தளாயிலயும் கோமரங்கடவலயிலயும் கேக்கிற கேள்வியும் வெருகலில கேக்கிறதும் ஒண்டா இருக்கத்தானே வேணும். மாத்தினதைத் தெரியாத ஒராளிட்டக் குடுத்து இங்கிலீஷுக்குத் திருப்பச் சொல்லிப் பாக்கிறது பழைய முறை, இப்பவும் அதை மிஞ்சின வழி இல்ல.

பேர் லிஸ்ட்

லிஸ்ட் கொழும்பில இருந்து வரும், அதில பாதி ஆள் மாறியிருக்கும், ட்ரான்ஸ்ஃபர் ஆகிப் போயிருப்பாங்க. பேரை விட்டுட்டுப் பதவியைப் பிடியுங்க. கச்சேரியும் கிழக்கு மாகாண அமைச்சுகளும் பெரும்பாலும் திருமலை டவுனைச் சுத்தி இருக்கிறதால அரச உத்தியோகத்தரைக் கண்டுபிடிக்கிறது லேசு, அதனாலயே லிஸ்ட் அந்தப் பக்கம் சாஞ்சு போயிரும். மீனவர் சங்கம், கமக்காரர் அமைப்பு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் எல்லாம் கடைசியில "நேரம் இருந்தா" எண்டு நிக்கும். அவங்களை முதல் கிழமையிலயே செய்யுங்க. 2012 கணக்கெடுப்பில மாவட்டத்தில ஏறத்தாழ 3 லட்சத்து 80 ஆயிரம் பேர், முஸ்லிம், தமிழ், சிங்களம் எண்டு மூண்டு சமூகம், ஒண்டும் பாதியைத் தாண்டாது. நீங்க கண்ட ஆக்களிட லிஸ்டைக் கிழமைக்கு ஒருக்கா எடுத்து வச்சு, எந்தச் சமூகம், எந்தப் பிரிவு, ஆணா பெண்ணா எண்டு எண்ணிப் பாத்தா எங்க விட்டிருக்கிறீங்க எண்டு தானாத் தெரியும்.

இன்னொரு சிக்கல், ஒராளே மூண்டு தொப்பி போட்டிருப்பார். மீனவர் சங்கத் தலைவர், பள்ளிவாசல் நிர்வாக சபை, ஒரு என்ஜிஓவில இணைப்பாளர். எந்தத் தரப்பில அவரைப் போடுறது? அந்த வங்கியிட வேலையை எந்தத் தொப்பியோட கூடக் கண்டிருக்கிறார் எண்டு அவரிட்டயே கேட்டு அதில போடுங்க, ஒரு தரம் மட்டும்.

போற நேரம், போற விதம்

மாவட்டச் செயலாளருக்கு ஒரு கடிதம், கொப்பி டீஎஸ்மாருக்கு, தமிழிலயும் சிங்களத்திலயும். ஆரும் வழியில மறிச்சுக் கேட்டாலும் காட்ட அதுதான் உதவும். வெள்ளிக்கிழமை பகலில கிண்ணியா, மூதூர் போகாதீங்க, ஜும்மா நேரம். டிசம்பரில ப்ளானிங் ஆக்களையும் எக்கவுண்டன்மாரையும் பிடிக்க ஏலாது, வருசக் கணக்கு முடிக்கிற மும்முரம், அதோட மழையும். மாசி பங்குனியில நெல் வெட்டு நடக்கிற நேரம் கமக்காரரைத் தேடிப் போனா வயலிலதான் காணலாம். ப்ரொஜெக்ட் ஜீப்பில ஏறிப் போகாதீங்க, எவ்வளவு வெயிலா இருந்தாலும் சரி. ப்ரொஜெக்ட் உத்தியோகத்தர் "நான் கூட்டிப் போறன் தம்பி, எனக்குத் தெரிஞ்ச ஆக்கள்தான்" எண்டு அன்பாத்தான் கூப்பிடுவார், அவரோட போய் இறங்கினா அண்டைக்கு எடுத்த எல்லாப் படிவமும் ஒம்பதும் பத்துமாத்தான் வரும்.

முன்னால இருந்து கேக்கேக்க

இதுதான் முழு வேலையும். முதல் கேள்வியா இதைக் கேளுங்க, படிவத்தில இல்லாட்டிச் சேர்க்கச் சொல்லிச் சண்டை பிடியுங்க: "உலக வங்கி எண்டு சொன்னதும் உங்களுக்கு ஞாபகம் வாற ஒரு வேலையைச் சொல்லுங்க". நானா பாலத்தைச் சொல்லுவார். அப்பிடியே எழுதுங்க. "இல்ல நானா, அது சவூதிக் காசு" எண்டு அந்த இடத்திலயே திருத்தாதீங்க, மனுசர் வெக்கப்பட்டுட்டா மிச்சக் கேள்விக்கெல்லாம் உங்கட முகத்தைப் பாத்துத்தான் பதில் சொல்லுவார். திருத்தாமலும் விட ஏலாது, விட்டா முதல் நான் செஞ்ச பிழைதான். அதுக்கு ஒரு வழி, எழுதி முடிச்ச பிறகு எல்லாருக்கும், கச்சேரியில இருக்கிற பெரிய சேருக்கும் சங்கத் தலைவிக்கும் ஒரே மாதிரி, ஒரே வசனத்தை வாசிக்கிறது. நாங்க வாசிக்கிறது இது: "நாங்க கேக்கிறது உலக வங்கியைப் பற்றி. 189 நாடுகள் சேர்ந்து நடத்துற நிறுவனம், அரசாங்கங்களுக்குக் கடனும் சில நேரம் நன்கொடையும் குடுக்கும். ஐஎம்எஃப், ஆசிய அபிவிருத்தி வங்கி, ஐநா, தனி நாடுகள் செய்யிற உதவி இதில சேராது. இந்த மாவட்டத்தில அது காசு குடுத்த வேலைகளில நெல்சிப்பும் வட கிழக்கு வீடமைப்பும் அடங்கும்." வாசிச்சுட்டுக் கொஞ்சம் நிப்பாட்டுங்க. "அப்ப பாலம் அவங்க இல்லையா?" எண்டு அவரே கேப்பார், "இல்ல நானா, அது சவூதி" எண்டு சொல்லலாம், இப்ப அது திருத்தலா இருக்காது, அவர் கேட்டதுக்குப் பதிலா இருக்கும். கடைசி வசனத்தில நல்ல வேலையா மட்டும் பொறுக்கிப் போட்டா அது பிரசாரம் ஆகிரும், அதால எந்தப் ப்ரொஜெக்டைச் சொல்லுறது எண்டதையும் முன்னமே எழுத்தில முடிவெடுக்க வேணும்.

பிறகு பத்து மார்க்ஸ் விசயம். எங்கட நாட்டில படிச்ச எல்லாருக்கும் மார்க்ஸ் எண்டா ஓஎல் ரிசல்ட்தான். 35க்கு எஸ், 50க்கு சீ, 65க்கு பீ, 75க்கு ஏ. ஒரு ரிட்டயர்ட் அதிபர் அஞ்சு போட்டுட்டு "சீ பாஸ், பரவாயில்ல, நல்லாச் செய்யிறாங்க" எண்டார். அடுத்த கடையில ஒரு முதலாளி அஞ்சு போட்டுட்டு "பாதிதான், சரியில்ல" எண்டார். ரெண்டு பேரிட அஞ்சும் கொம்பியூட்டருக்குள்ள ஒண்டுதான். அதால ஒவ்வொரு கேள்விக்கும் ரெண்டு முனையையும் வாயால சொல்லுங்க, ஒண்டு எண்டா கொஞ்சமும் இல்ல, பத்து எண்டா முழுக்க. ஒரு மட்டையில பத்துப் படி ஏணி மாதிரிக் கீறிக் கையில குடுத்திருங்க, விரலை வச்சுக் காட்டட்டும். வயசு போன ஆக்கள் விரலை மேலயும் கீழயும் அசைச்சு ஒரு இடத்தில நிப்பாட்டுறதைப் பாத்தாலே விளங்கும் அவங்க உண்மையா யோசிக்கிறாங்க எண்டு. அவசரப்படுத்தாதீங்க.

"தெரியாது" எண்டு சொன்னா தெரியாது எண்டே போடுங்க. முந்தி நான் வேலை செஞ்ச ஒரு கொம்பனியில தெரியாது கூட வந்தா படிவத்துக்குக் காசு வெட்டுவாங்க. பெடியள் என்ன செய்வாங்க, "சேர் ஒரு நம்பர் சொல்லுங்களன், சும்மா ஒண்டு" எண்டு கெஞ்சி எல்லாத்துக்கும் அஞ்சு அஞ்சாப் போட்டுட்டு வந்தாங்க. நானும் போட்டிருக்கிறன். அந்த அஞ்செல்லாம் கடைசியில "நடுத்தரமான அபிப்பிராயம்" எண்டு அறிக்கையில அச்சாகியிருக்கும். உண்மையில அந்த ஆக்களுக்கு அந்த வங்கியைத் தெரியவே தெரியாது, அதுதான் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தியும். தெரியாது ஒரு கோட் நம்பர், சொல்ல விருப்பமில்ல இன்னொரு கோட் நம்பர், ரெண்டையும் கலக்காதீங்க. சொல்ல விருப்பமில்ல எண்டவர் வடிவாத் தெரிஞ்ச ஆளா இருப்பார்.

கந்தோரில இன்னொரு பிரச்சினை. பெரியவர் "நான் பிசி, அவரிட்டக் கேளுங்க" எண்டு கீழ உள்ள ஆளிட்ட அனுப்புவார், இல்லாட்டி அவரே பக்கத்தில இருந்து கேட்டுக் கொண்டிருப்பார். அனுப்பினா, ஆர் உண்மையிலயே பதில் சொன்னது எண்டு அவரிட பதவியை எழுதுங்க, பெரியவரிட பேரில போடாதீங்க. பக்கத்தில இருந்தா டெப்பைத் திருப்பிக் குடுத்து "மிஸ், நீங்களே வாசிச்சு அமத்துங்க" எண்டு சொல்லுங்க, சத்தம் வெளிய வராது. எல்லாத்துக்கும் ஒம்பது ஒம்பதாப் போற ஆளைக் கண்டா கோவிக்காதீங்க, குறைச்சுச் சொன்னா ப்ரொஜெக்டிட அடுத்த கட்டம் வராம நிண்டுருமோ எண்ட பயம்தான் அது. "உங்கட ஒராளிட பதிலால ஒரு ப்ரொஜெக்ட் வரவோ நிக்கவோ போறதில்ல, பேரும் போறதில்ல" எண்டு தொடங்கேக்கயும் சொல்லுங்க, நடுவிலயும் ஒருக்காச் சொல்லுங்க.

மூதூர்ப் பக்கம் ஒரு சங்கத் தலைவி அக்காவைக் கண்டது மறக்காது. வீட்டுத் திட்டத்துக்கு நாலு குடுத்தா. ஏன் அக்கா நாலு எண்டு கேக்க, எழும்பிப் போய்ச் சுவரில லிண்டில் மட்டத்தில, அதான் கதவு ஜன்னலுக்கு மேல, இருக்கிற ஒரு கோட்டைத் தடவிக் காட்டினா. அதுக்குக் கீழ ஒரு நிறக் கல்லு, மேல இன்னொரு நிறக் கல்லு. அடுத்த கட்டக் காசு வரப் பிந்தி, அந்த மட்டத்திலயே மாரி மழை முழுக்க நனைஞ்சு கிடந்துதாம் வீடு, கடன் வாங்கித்தான் மிச்சத்தைக் கட்டினாவாம். காசு எங்க பிந்தினது, வங்கியிலயா உள்ளூர்க் கந்தோரிலயா? அவவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நாலு எண்டு மட்டும் அனுப்பினா அந்தக் கோடு காணாமப் போயிரும். அதால ஏன் எண்டு கேட்டு, அவங்க சொன்ன வசனத்தை அவங்கட வாய்ச் சொல்லிலயே எழுதுங்க. "நிதி விடுவிப்பில் தாமதம்" எண்டு நீங்க அழகாக்க வேண்டாம். "லிண்டில் மட்டத்தில மழையில நனைஞ்சது" எண்டு எழுதுங்க.

முறைப்பாடு வந்தா

கட்டாயம் வரும். ரோட்டு அகலிக்கேக்க வேலி போச்சு, நட்ட ஈடு வரேல்ல, வடிகான் தண்ணி வீட்டுக்குள்ள வருது எண்டு. நீங்க கேக்கிறது கருத்து, இது முறைப்பாடு. "மேல சொல்லுறன்" எண்டு பொய் வாக்குக் குடுக்காதீங்க, கேக்காத மாதிரியும் இருக்காதீங்க. ஒரு சின்னத் துண்டு அடிச்சு வச்சிருங்க. முதலில ப்ரொஜெக்டிட குறை கேள் குழுவும் டீஎஸ் கந்தோரும், அங்க சரிவராட்டி உலக வங்கிக்குச் சொந்தமான குறை தீர்க்கும் பிரிவு இருக்கு, அதுக்கு மேல 1993ல இருந்து இன்ஸ்பெக்ஷன் பெனல் எண்டு ஒண்டு இருக்கு, பாதிக்கப்பட்ட ரெண்டு பேர் அல்லது அதுக்கு மேல சேர்ந்து தமிழிலயே எழுதலாம். ஆசிய அபிவிருத்தி வங்கிக்கும் அதே மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கு. ஏத்துக் கொள்ளுறதுக்கு விதிமுறை கால எல்லையெல்லாம் இருக்கு, அதையும் துண்டில போடுங்க. தகவல் வேணும் எண்டா 2016ம் ஆண்டு 12ம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தில அரச கந்தோருகளிட்டக் கேக்கலாம், அதையும் சேருங்க.

ராவைக்குச் செய்யிற வேலை

டெப்பை அண்டைக்கே அனுப்பிருங்க, படிவத்தை த்ரீவீலில விட்டுட்டு வந்த கதை எனக்குத் தெரியும். 2022ம் ஆண்டு 9ம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எண்டு ஒண்டு இப்ப நாட்டில இருக்கு, ஆனா அதைவிட முக்கியமா ஒரு விசயம் சொல்லுறன். பேரை எடுத்துட்டா ஆள் மறைஞ்சுரும் எண்டு நினைக்காதீங்க. இது சின்ன மாவட்டம். "வெருகல், டீஎஸ் கந்தோர், ப்ளானிங், பெண்" எண்டு நாலு சொல் இருந்தாப் போதும், கச்சேரியில எல்லாருக்கும் அது ஆர் எண்டு தெரியும். அட்டவணையில ஒரு கூட்டில அஞ்சு பேருக்குக் குறைய இருந்தா பிரிவுகளைச் சேத்துப் பெருசாக்குங்க. வாய்ச் சொல்லை அப்பிடியே எழுதச் சொன்னன்தான், அறிக்கையில போடேக்க ஆளைக் காட்டிக் குடுக்கிற துண்டை எடுத்துட்டுப் போடுங்க.

கணக்குப் பாக்கிற இடத்தில நீங்க இல்லாட்டியும் ஒரு விசயத்தைத் தெரிஞ்சு வச்சிருங்க. பத்துப் பேரில அஞ்சு பேர் ஒம்பதும் அஞ்சு பேர் ரெண்டும் குடுத்தா சராசரி அஞ்சரை. அஞ்சு பேர் அஞ்சும் அஞ்சு பேர் ஆறும் குடுத்தாலும் சராசரி அஞ்சரை. முதல் ஊரில ரெண்டு கூட்டம் எதிரும் புதிருமா நிக்குது, மற்ற ஊரில ஆருக்கும் பெரிசா ஒண்டும் இல்ல. சராசரியை மட்டும் போட்ட அறிக்கை ரெண்டு ஊரையும் ஒண்டாக்கிரும். எத்தனை பேர் எந்தப் படியில நிக்கிறாங்க எண்டு போடச் சொல்லுங்க, தெரியாது எண்டவங்களைத் தனியாப் போடச் சொல்லுங்க, உத்தியோகத்தரையும் மீனவரையும் ஒண்டாக் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டாம் எண்டு சொல்லுங்க. உலக வங்கியிட நாட்டுக் கருத்தாய்வுகள் பலதில, வங்கியைக் கூடத் தெரிஞ்ச ஆக்கள் கூட மார்க்ஸ் போடுற போக்கு தெரியுது. அப்ப அடுத்தடுத்துக் கச்சேரி ஆக்களை மட்டும் கேட்டுட்டு "திருமலை திருப்தியா இருக்கு" எண்டு எழுதினா அது என்ன எண்டு உங்களுக்கே விளங்கும்.

திரும்பிப் போறது

மூதூர் அக்கா போகேக்க ஒண்டு கேட்டா. "முந்தியும் ரெண்டு தரம் வந்து எழுதிட்டுப் போனாங்க தம்பி, நீங்களும் போயிருவீங்கதானே?" எண்டு. கொம்பனியிட ஒப்பந்தத்தில திரும்பிப் போறதுக்குக் காசு இல்ல, பெரும்பாலும் இருக்காது. கேட்டுப் பாருங்க, ஒரு நாள் பஸ் காசும் நாப்பது போட்டோக்கொப்பியும்தான் செலவு. முடிவு பகிரங்கமாகின பிறகு ஒரே ஒரு பக்கத்தில தமிழிலயும் சிங்களத்திலயும் எழுதுங்க, என்ன கேட்டம், எத்தனை பேர், எது நல்லம் எண்டாங்க, எது சரியில்ல எண்டாங்க. பிரதேச சபை நோட்டீஸ் போட்டில ஒண்டு, சங்கக் கட்டடத்தில ஒண்டு, ஜீஎஸ்ஸிட (கிராம சேவகரிட) கந்தோரில ஒண்டு. நாங்க போன தரம் அப்பிடிச் செஞ்சம். அக்கா கண்ணாடியைப் போட்டுட்டு விரல் வச்சு வாசிச்சுக் கொண்டு வந்து, "வீட்டு வேலை லிண்டில் மட்டத்தில மழையில நனைஞ்சது" எண்ட வரியில நிப்பாட்டி, இன்னொரு கொப்பி இருக்கா தம்பி எண்டு கேட்டா. ரெண்டு குடுத்துட்டு வந்தம்.